சர்டிபிகேட்டில் மதம், கல்லறையில் சாதி: தலித் கிறித்தவர் உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 10 வந்தால் தமிழ்நாட்டில் பல ஆலய வளாகங்களில் கறுப்புக் கொடி ஏறும். ஆராதனை முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் 'இது எதற்கு?' என்று கேட்பார்கள். பெரியவர்கள் 'அது ஒரு போராட்டம்' என்று சொல்லிவிட்டு செருப்பைத் தேடப் போய்விடுவார்கள். அப்படிப் பதில் கிடைக்காமல் போன கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் போதகரும் இல்லை, வக்கீலும் இல்லை. சபையில் பல வருடம் மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த அனுபவம்தான் என் தகுதி. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

1950 ஆணையில் அப்படி என்னதான் இருக்கிறது?

பட்டியல் சாதிகள் எவை என்று குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்ட் 10 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் மூன்றாவது பத்திதான் பிரச்சினை. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

விளைவு என்ன தெரியுமா? ஒரே தெரு, ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். அண்ணன் இந்து ஆதி திராவிடர், தம்பி கிறித்தவ ஆதி திராவிடர். டீக்கடையில் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள். தாலுகா ஆபீஸில் மட்டும் வேறு வேறு ஆட்கள்.

கிறித்தவத்தில்தான் சாதியே கிடையாதே, பிறகு எதற்கு எஸ்.சி. அந்தஸ்து?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பாதிப்பேர் சபைக்கு உள்ளேயே இருக்கிறார்கள் என்பது வேடிக்கை.

வேதத்தில் சாதி இல்லை, சரி. தமிழ்க் கிறித்தவத்தில் இல்லை என்று யார் சொன்னது? திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். 1872-ல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. பீடம் ஒன்றுதான். பீடத்திலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு கூடங்கள் பிரிந்து போகும். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடார் முதலான மற்றவர்களுக்கு. நடுவில் சுவர். ஒரே பூசையைக் கேட்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கொத்தனாரையும் பொறியாளரையும் வைத்து யோசித்துக் கட்டிய கோயில் அது. 1910-ல் பாதிரியாரே சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் சும்மா இருந்தார்களா? வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் தோற்றார்கள்.

'அது கத்தோலிக்கர் கதை' என்று சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதா என்று தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தை விட்டுவிடச் சொன்ன மிஷனரிகளோடு வாதாடியவர்தான். அவருடைய பாட்டை நாம் இன்றைக்கும் உருகிப் பாடுகிறோம். இந்தச் சண்டையை மட்டும் யாரும் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருவதில்லை.

இது பழங்கதையும் இல்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு (தனி ஆலய நிர்வாகம்) கேட்டார்கள். ஒரே ஞானஸ்நானம் வாங்கிய இரு தரப்புக்கும் மோதல். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிக்கும் சுவர் பல வருடப் போராட்டத்துக்குப் பொருளானது.

இதெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தை எடுங்கள். 'ஆர்.சி. வன்னியர்', 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வேளாளர்', 'கிறித்தவ ஆதி திராவிடர்'. இயேசுவை ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும், இரட்சிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் சாதியையும் போட்டுவிடுவார்கள். மறுபிறப்பு அடைந்த பிறகும் சாதி மட்டும் பழையதாகவே இருக்கிறது.

வேதம் இதைப் பற்றி நேரடியாக ஏதாவது சொல்கிறதா?

எல்லாரும் கலாத்தியர் 3:28-ஐ எடுப்பார்கள். யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை, அடிமையும் இல்லை, சுயாதீனனும் இல்லை என்ற வசனம். நல்ல வசனம்தான். ஆனால் அதைப் பெரும்பாலும் பேச்சை முடித்துவைக்கத்தான் பயன்படுத்துகிறோம். 'கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று, அப்புறம் எதற்குச் சாதிப் பேச்சு?' என்று கேட்பதோடு வாய் அடைபட்டுவிடும்.

எனக்கு அதைவிட அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் உதவியாக இருக்கிறது. எருசலேம் சபையில் தினமும் விதவைகளுக்கு உணவு பங்கிட்டார்கள். கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள், 'இங்கே கிரேக்கனென்றும் எபிரெயனென்றும் இல்லை, முறுமுறுக்காதே' என்று பிரசங்கம் பண்ணவில்லை. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் வயிறு காய்ந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். இடஒதுக்கீடு என்ற சொல் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

யாக்கோபு 2-ஐயும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு 'என் பாதபடியண்டையிலே உட்காரு'. நம் ஊர்க் கோயில்களில் யார் பாயில், யார் பெஞ்சில் என்பது எப்படி முடிவானது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது கிறித்தவ ஆதி திராவிடர்களுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லையா?

அப்படியும் இல்லை. மாநில அரசு அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆதி திராவிடர் நலத்துறையின் பல கல்வி உதவித் திட்டங்களில் 'கிறித்தவ மதம் மாறிய ஆதி திராவிடர்' என்ற வரியும் இருக்கும். எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள்.

கிடைக்காதவை எவை என்று பாருங்கள். மாநிலத்தில் 18 விழுக்காடு எஸ்.சி. இடங்கள் அவர்களுக்கு இல்லை. பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பங்கில், இஸ்லாமியர் உள் ஒதுக்கீடு போக மீதியுள்ள 26.5 விழுக்காட்டில், தலைமுறை தலைமுறையாக நிலமும் கடையும் பள்ளிக்கூடமும் வைத்திருந்த சாதிகளோடு போட்டி போட வேண்டும். தனித் தொகுதியில் தேர்தலுக்கு நிற்க முடியாது. 1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. சாதிப் பெயரைச் சொல்லி அடித்தவனுக்கு அடிபட்டவன் எந்தச் சாதி என்று தெரிந்திருக்கிறது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வன்கொடுமைப் புகாரை இந்தக் காரணத்தாலேயே தள்ளுபடி செய்தது.

இடையில் ஒரு கதை. 2007-ல் தமிழ்நாடு அரசு பி.சி. பங்குக்குள் கிறித்தவர்களுக்கு 3.5 விழுக்காடு, இஸ்லாமியர்களுக்கு 3.5 விழுக்காடு என்று தனியாகப் பிரித்துக் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்த கிறித்தவத் தலைவர்கள், முன்பு கிடைத்ததைவிட இது குறைவு என்று கண்டு, அடுத்த வருடமே 'எங்களுக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்த சலுகையை வேண்டாம் என்று சொன்ன சமுதாயம் நாட்டிலேயே அபூர்வமாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சுவார்த்தையில் தலித் கிறித்தவர்களின் தனிக் கணக்கை யாராவது போட்டார்களா என்பது எனக்கு இன்னும் உறுத்தும் கேள்வி.

சர்டிபிகேட்டில் இந்து, சபையில் கிறித்தவர். இது பாவமா?

இதைக் கேட்பவர்கள் சத்தமாகக் கேட்பதில்லை. தனியாகக் கூட்டிப்போய்க் கேட்பார்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். வீட்டில் யோசுவா, பள்ளிக்கூடத்தில் முருகேசன். பாஸ்டருக்கும் தெரியும், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால், வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரப் போகிறார் என்ற செய்தி முந்தின நாளே வந்துவிடும். அன்றைக்குக் காலையில் சுவரிலிருந்து வசனக் காலண்டர் இறங்கும். ஒரு வீட்டில் நானே பார்த்தேன். காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வீட்டு அம்மா அந்தச் சதுரத்தின் மேல் ஒரு முறத்தை மாட்டிவைத்தார். வந்தவர் முறத்தையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார், தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சட்டம் இதில் கறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்று கேட்பது அரசியலமைப்பையே ஏமாற்றுவதாகும் என்றது. ஆகவே சட்டத்தின் பார்வையில் இது ஆபத்து. பிற்காலத்தில் வேலையே போகலாம். அதை நான் யாருக்கும் மறைத்துச் சொன்னதில்லை.

பாவமா என்றால், பொய் பொய்தான். பேதுரு சேவல் கூவுவதற்கு முன் மூன்று தரம் மறுதலித்தார், அதை யாரும் நல்லது என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த அம்மாவைப் பார்த்து 'விசுவாசத்தை விற்றுவிட்டாய்' என்று சொல்கிறவர் பெரும்பாலும் பி.சி. சர்டிபிகேட் பத்திரமாக பீரோவில் இருக்கிறவராக இருப்பார். நாடார் கிறித்தவர் ஆனதால் சாதிச் சான்றில் அவர் இழந்தது என்ன? மதம் மாறியதற்கு அரசாங்கம் விலை கேட்பது ஒரு தரப்பிடம் மட்டும்தான். என் கோபம் விலை கட்ட முடியாதவர் மேல் இல்லை, விலைப்பட்டியல் எழுதியவர் மேல்தான்.

மறுபடி இந்து மதத்துக்குத் திரும்பினால் எஸ்.சி. சான்று கிடைக்குமா?

கிடைக்கலாம். 2015-ல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனை சொன்னது: மூதாதையர் அந்தச் சாதியினர் என்பதற்குச் சான்று, உண்மையாகத் திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். அந்த வழக்கில் மதம் மாறியவர் மனுதாரரின் தாத்தா. மூன்று தலைமுறை தாண்டித் திரும்பினாலும் சாதி அப்படியே காத்திருக்கிறது என்று நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் அது எங்கே போயிருந்தது?

பட்டியலில் சேர்த்தால் மதமாற்றம் பெருகிவிடாதா?

இப்போது இருக்கும் விதி மதம் மாறாமல் இருப்பதற்குச் சலுகை தருகிறது. அதை எடுத்துவிட்டால் அரசாங்கம் யார் எதைக் கும்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் இருக்கும், அவ்வளவுதான். பழங்குடியினர் பட்டியலில் மத நிபந்தனையே கிடையாது. கிறித்தவரானாலும் எஸ்.டி. எஸ்.டி.தான்.

இந்து தலித்துகளின் பங்கில்தானே கை வைக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை நம் ஆட்கள் எடுத்தெறிந்து பேசுவது தப்பு. இது நியாயமான பயம். சபைப் பள்ளிகளில் படித்த கிறித்தவப் பிள்ளைகள் முன்னால் ஓடிவிடுவார்கள் என்று அருந்ததியர் வீட்டில் ஒருவர் சொன்னால் அவரிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2009-ல் எஸ்.சி.க்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடாகக் கொடுத்தார்கள். இப்படிப் பிரிப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. கிறித்தவ தலித்துகள் இப்போது பி.சி. பங்கில் இருக்கிறார்கள். அவர்களை எஸ்.சி.க்கு மாற்றும்போது அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கும் கூடவே நகர வேண்டும். மாநிலத்தின் மொத்த இடஒதுக்கீடான 69 விழுக்காடு மாறாது. 'எங்களைச் சேருங்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டு, பங்கைக் கூட்டச் சொல்லிக் கேட்காத எந்த ஆலயத் தீர்மானத்திலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீதிமன்றமும் கமிஷன்களும் இத்தனை வருடம் என்ன செய்தன?

முதலில் சூசை வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் அவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். அதே தொழில், அதே நடைபாதை, அதே வெயில். உச்ச நீதிமன்றம் 1985-ல் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே கொடுமை புதிய மதத்திலும் அதே அளவுக்குத் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். அந்த ஆதாரம் யாரிடம் இருந்தது? சபைகளிடம்தான். தனிக் கல்லறை எது, தேர் எந்தத் தெரு வரைக்கும் போய்த் திரும்பும், பாடகர் குழுவில் யார் இல்லை, எல்லாம் பங்குப் பதிவேட்டிலும் பாஸ்டரேட் கமிட்டி மினிட்ஸிலும் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்குப் போனால் வழக்குக்குப் பலம், சபைக்கு மானக்கேடு. மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டோம்.

பிறகு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், எஸ்.சி. அந்தஸ்தை மதத்திலிருந்து பிரித்துவிடலாம் என்று 2007-ல் பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. 2004-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் கிடக்க, 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இரண்டு வருடம் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம், கிறித்தவரான ஆதி திராவிடர்களுக்கு எஸ்.சி. உரிமை தரவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்.

சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறித்தவர்கள் சுமார் 44 லட்சம், மக்கள்தொகையில் 6.12 விழுக்காடு. அதில் தலித்துகள் எத்தனை பேர்? அரசாங்கக் கணக்கே இல்லை. எஸ்.சி. கட்டத்தில் கிறித்தவரை எழுத மாட்டார்கள் என்பதால். 2027 கணக்கெடுப்பில் சாதி கேட்கப் போகிறார்கள். 'எங்களுக்குச் சாதி இல்லை, கிறித்தவர் என்று மட்டும் போடுங்கள்' என்று சொல்வது கேட்க அழகாக இருக்கும். ஆதிக்க சாதிக் கிறித்தவர் அப்படிச் சொன்னால் அவருக்கு நட்டம் இல்லை. காலனித் தெருவில் அப்படிச் சொன்னால் ஒரு தெருவே காகிதத்திலிருந்து காணாமல் போகும்.

இதையெல்லாம் பிரசங்க பீடத்தில் பேசலாமா? சபையில் அரசியல் வேண்டாமே?

இன்ன கட்சிக்கு ஓட்டுப் போடு என்று மதத்தைச் சொல்லிக் கேட்பது தேர்தல் சட்டப்படியே குற்றம், அது வேண்டாம். உரிமையைப் பேசுவது வேறு. பிலிப்பி நகரத்தில் பவுலை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாகப் போய்விடச் சொன்னபோது அவர், 'நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும்' என்று உட்கார்ந்துவிட்டார். பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதின அதே பவுல்தான் இந்த உலகத்துக் குடியுரிமையையும் மேஜையில் எடுத்து வைத்தார்.

சபைகள் தங்கள் பக்கத்தில் ஏதாவது திருத்திக்கொண்டனவா?

சில உண்டு. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒத்துக்கொண்டது. 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித்துகளிலிருந்து வந்த முதல் கர்தினால் அவர். அதே வருடம் நட்டாலத்துத் தேவசகாயம் புனிதர் ஆனார். 'பிள்ளை' என்ற சாதிப் பின்னொட்டு வேண்டாம் என்று குரல் எழுந்தது, ரோமும் அதை நீக்கியது. எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக வசை வாங்கியவரின் பெயரில் சாதி ஒட்டியிருந்தது எத்தனை காலம்!

கர்தினால் வரைக்கும் வந்தது நல்லது. ஆனால் நான் அளக்கும் கோல் வேறு. உங்கள் பங்கில் அடுத்த திருவிழாவுக்குத் தேர் போகும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். எந்தத் தெருமுனையில் திரும்புகிறது? ஏன் என்று கமிட்டியில் கேளுங்கள். 'ரோடு குறுகல், ஒயர் இடிக்கும்' என்பார்கள். போன வருடம் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் லாரி போனதைப் பார்த்தேன் என்று சொல்லிப் பாருங்கள்.